மரியாதைச் சொற்களின் வரலாறும் நமது கடமையும்

மொழியாவது கருத்தை அறிவிக்கும் கருவி என்று பொதுவாகக் கூறுவர். அஃது உண்மையேயாயினும் முழு உண்மையன்று. ஒருவர் மற்றொருவரோடு பேசத் தொடங்கும்பொழுதே, தாம் சொல்லவந்த செய்தியோடு, கேட்பவரைத் தாம் எந்நிலையில் வைத்து மதிக்கிறார் என்பதையும் உடன் அறிவித்துவிடுகிறார். "வா", "வாரும்", "வாருங்கள்" என்னும் மூன்றும் அழைப்பு என்னும் பொருளில் ஒன்றே. ஆனால் வாயிற்படியில் வந்து நிற்பவர், அம்மூன்றில் எது தம் காதில் விழுந்தது என்பதைக் கொண்டே, உட்சென்று பாயில் அமர்வதா, திண்ணையோடு நிற்பதா, முற்றத்திலிருந்தபடியே பேசித் திரும்புவதா என்பதை அறிந்துகொள்கிறார். அவருக்கு அதனை வேறொருவர் விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை.

இக்காலத்து ஆங்கிலம் பேசுவோர், மன்னரையும் ஏவலரையும் முன்னிலையில் ஒரே சொல்லால் விளித்துவிடலாம். தமிழருக்கு அவ்வசதி இல்லை. "எப்பொழுது வந்தாய்?" என்பதா, "எப்பொழுது வந்தீர்கள்?" என்பதா என்று முடிவு செய்யாமல் நாம் ஒரு சிறு கேள்வியையும் கேட்க இயலாது. எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்பொழுதும் "வந்தான்", "வந்தார்" என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். இங்ஙனம் ஒவ்வொரு வினைமுற்றிலும் மதிப்போ மதிப்பின்மையோ ஒட்டிக்கொண்டிருக்கும் மொழியைப் பேசும் நாம், அம்மரியாதைப் பன்மை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, யார்க்கு வழங்கப்பட்டது, யார்க்கு மறுக்கப்பட்டது என்பவற்றை அறிந்திருத்தல் நன்று. அவற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, நம் சங்கத்துக் குடும்பங்கள் அதனின்று மேற்கொள்ளத்தக்கது யாது என்பதையும் ஈண்டுக் கூறக் கருதினோம்.

இலக்கண நூலார் கண்டது

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியம், ஒருவரைக் குறிக்கப் பன்மைச் சொல்லை ஆளுதலைப் பற்றிச் சொல்லதிகாரத்தில் ஒரு விதி கூறுகின்றது. அவ்வாறு கூறுதல் உலக வழக்கில் எழுந்த உயர்வுச் சொல்லேயன்றி, இலக்கண நெறிப்படி அமைந்த சொல்லன்று என்பது அதன் கருத்து. இதனை நம் அன்பர்கள் ஊன்றி நோக்கவேண்டும். ஆசிரியர் அவ்வழக்கைக் கடிந்து விலக்கவில்லை. அது மக்கள் வாயில் வழங்குவதை அறிந்து ஏற்றுக்கொள்கின்றார். ஆனால் ஒருவருக்குப் பன்மை கொடுப்பதும் கொடாமையும் மொழியின் இயற்கையில் அமைந்ததன்று, மக்கள் தம் விருப்பத்தாற் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை அன்றே தெளிவுபடுத்திவிட்டார்.

அந்நூலிலேயே "ஈ", "தா", "கொடு" என்னும் மூன்று சொற்களைப் பற்றிய செய்தியும் உண்டு. மூன்றும் ஒரு பொருளைப் பிறரிடம் வேண்டுங்கால் வழங்குவன. இழிந்தவன் தன்னினும் உயர்ந்தவனிடம் வேண்டும்பொழுது "ஈ" என்பான்; ஒத்தவன் ஒத்தவனிடம் "தா" என்பான்; உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் "கொடு" என்பான். கையேந்தும் நிலையிலுங்கூட உயர்வு தாழ்வு சொல்லைவிட்டு நீங்கவில்லை என்பது இதனாற் புலனாகின்றது. ஆயினும் இன்று நிகழ்வது யாது? "கொடு" என்பதையும் "தா" என்பதையும் நாம் வேறுபாடின்றி எல்லாரிடத்தும் வழங்குகிறோம். "ஈ" என்பது பேச்சில் வழக்கொழிந்தது. பெரிய வேறுபாடென்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது பிற்காலத்தில் அடையாளமின்றி மறையக்கூடும் என்பதற்கு இம்மூன்று சொற்களே சான்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலும், மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றைக் காட்டுவதற்காகப் பாலும் திணையும் மாறி வருதலை ஏற்றுக்கொள்கின்றது. மேலும், தக்க சொல்லைத் தேர்ந்து பேசும் நயங்களை அது வகுத்துக் காட்டுகின்றது. பலர் நடுவே கூறத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் குறித்தல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட சொல்லை வழங்குதல் குழூஉக்குறி. விடைபெறுவோர் "போகிறேன்" என்னாது "போய்வருகிறேன்" என்பதும், இறந்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இந்நெறியில் வந்தனவே. ஆகவே, கேட்போர் மனம் நோவாதபடி பேசவேண்டும் என்னும் கவலை நம் முன்னோர்க்குப் புதியதன்று.

அரசனை "நீ" என்றழைத்த காலம்

சங்க காலத்துப் புலவர்கள் மூவேந்தரையும் வள்ளல்களையும் நேர்முகமாக "நீ" என்றே விளித்துப் பாடினர். ஔவையார் அதியமானை விளித்ததும் அவ்வாறே. அதனால் அவ்வரசர்களின் பெருமைக்குக் குறைவு வந்ததாக எவரும் கருதவில்லை. சோழன் கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் இளஞ்சிறுவர்களை யானைக் காலில் இடுவிக்கத் துணிந்தபொழுது, கோவூர்கிழார் இடைப்புகுந்து அச்சிறுவர்களைக் காத்த வரலாறு புறநானூற்றில் உள்ளது. அப்பாட்டிலும் புலவர் வேந்தனை ஒருமையில் நிறுத்தியே, அவன் குலத்தின் அருளை நினைவூட்டி, நீதி கூறுகின்றார். அங்கே "நீ" என்பது அவமதிப்பன்று; உண்மையைத் தடையின்றி எடுத்துரைக்கும் உரிமை. உயர்ந்தவனை எளியவன் ஒருமையில் அழைத்தபொழுது அது உரிமையாயிற்று; பிற்காலத்தில் எளியவனை மட்டும் உயர்ந்தவன் ஒருமையில் அழைத்தபொழுது அதுவே இழிவாயிற்று. சொல் ஒன்றே, திசை மாறியது.

சோழப் பேரரசின் காலத்துக்கு வருவோமாயின் நிலைமை பெரிதும் வேறுபடுகின்றது. கல்வெட்டுக்களில் மன்னன் பெயர் "உடையார்", "தேவர்" என்னும் சிறப்புக்களோடு வருகின்றது. அவனது வாய்மொழி ஆணை திருவாய்க்கேள்வி எனப்படுகின்றது. அவன் விடுக்கும் ஓலை திருமுகம் எனப்படுகின்றது. அவ்வோலை எழுதுவிக்கும் அதிகாரி திருமந்திர ஓலை நாயகம் எனப்படுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், 1010-ஆம் ஆண்டளவில், முதலாம் இராசராசன் தன்னைப் பன்மையில் "நாம்" என்றும், தன் தமக்கை குந்தவையாரைத் "நம் அக்கன்" என்றும் குறித்து, இருவரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிடுகின்றான். "நான்" என்பது மன்னன் வாயில் "நாம்" ஆயிற்று.

ஆனால் அக்கல்வெட்டுக்களிலேயே மற்றொரு பன்மையும் உண்டு. ஊர்ச்சபையார் நிலம் விற்கும்பொழுதும் தருமம் ஏற்கும்பொழுதும் "சபையோம்", "ஊரோம்", "நாட்டோம்", "நகரத்தோம்" என்று கையெழுத்திட்டனர். மன்னனுடைய "நாம்" ஒருவன் தன்னைப் பெருக்கிக்கொண்டது. சபையாரின் "ஓம்" உண்மையிலேயே பலர் கூடியது. முன்னது அதிகாரத்தின் பன்மை. பின்னது பொறுப்பின் பன்மை. சங்கம் அமைத்து "நாம்" என்று பேசுகின்ற நம்மனோர், இவ்விரண்டில் எதன் வழித்தோன்றல்கள் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பக்தி நூல்களில் அடியார்கள் ஆண்டவனை "நீ" என்று அழைப்பது மிகுதி. எனினும் கண்ணொளி இழந்து திருவாரூர்க்கு வந்த சுந்தரமூர்த்தி நாயனார், இறைவனோடு ஊடிப் பாடும் பதிகத்தில் பன்மையை ஆளுகின்றார். நெருங்கிய ஒருவரை நாம் திடீரென்று மரியாதையாக விளித்தால், அது மனத்தாங்கலின் அறிகுறி என்பது குடும்பங்களில் யாவரும் அறிந்ததே. ஆதலின் பன்மை எப்பொழுதும் மதிப்பென்றும், ஒருமை எப்பொழுதும் அவமதிப்பென்றும் கருதிவிடலாகாது. யார், யாரை, எந்நிலையில் அழைக்கின்றார் என்பதே பொருளை முடிவு செய்கின்றது.

தேய்ந்துபோகும் நாணயங்கள்

பல கை மாறிய நாணயம் தேய்வதுபோல மரியாதைச் சொற்களும் வழங்க வழங்கத் தேய்கின்றன. பழந்தமிழில் முன்னிலைப் பன்மை "நீயிர்" என்பது. பின்னர் "நீவிர்", "நீர்" என்பன வழங்கின. "நீர்" என்பது ஒருவர்க்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. அது பழகி மதிப்புக் குறைந்தபொழுது, அதன் இடத்தில் "நீங்கள்" வந்தது. அதுவும் போதாதென்று தோன்றியவர்கள் "தாங்கள்" என்றனர். "தாம்" என்பது படர்க்கைச் சொல். எதிரில் நிற்பவரை எதிரில் இல்லாதவர்போலப் பாவித்துப் பேசுதலே அதில் அமைந்த பணிவு. "தேவரீர்" என்பது அதற்கும் மேற்பட்டது.

"கள்" என்னும் விகுதியின் கதை இன்னும் வியப்புடையது. தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயர்களுக்கே உரிய பன்மை விகுதி. பின்னர் அது உயர்திணையிலும் ஏறிற்று. "அவர்" என்பது ஒருவர்க்குரிய மரியாதையாய்விட்டமையால், உண்மையிற் பலரைக் குறிக்க "அவர்கள்" என்று ஒரு பன்மையின்மேல் மற்றொரு பன்மை வேண்டியதாயிற்று. நாளடைவில் அந்த "அவர்கள்" என்பதும் ஒருவர் பெயருக்குப் பின் நிற்கும் சிறப்பாகி, இன்று மேடையில் பெயர் கூறுமிடமெல்லாம் வழங்குகின்றது. ஆடுமாடுகளுக்கு மட்டும் உரியதாயிருந்த விகுதி, மந்திரிகளின் பெயருக்கு அணியாய் அமைந்தது காண்க.

இடத்துக்கு இடமும் இவ்வழக்கு வேறுபடும். யாழ்ப்பாணத்தில் "நீர்" என்பது ஒத்தாரிடையே இன்றும் இயல்பாக வழங்குகின்றது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதுவே சிறிது கடுமையாகத் தோன்றும். கொங்கு நாட்டில் "ங்க" என்னும் மரியாதை ஒலி பேச்சு முழுதும் விரவிவருவதால், சிறு பிள்ளைகளோடு பேசும்பொழுதும் அது நீங்குவதில்லை. புதியவர் ஒருவரை நோக்கி "நமக்கு எந்த ஊர்?" என்று கேட்கும் வழக்கமும் உண்டு, "உமக்கு" என்றால் பிரிவு, "நமக்கு" என்றால் உறவு என்பது அதன் உட்பொருள். ஆதலின் ஓரூரார் மற்றோரூரார் பேச்சைக் கேட்டு, "இவர் மரியாதை அறியாதவர்" என்று விரைந்து முடிவு கட்டுதல் தகாது.

கடிதமும் விண்ணப்பமும்

சொல்லில் அமைந்த இவ்வேறுபாடுகள் எழுத்தில் இன்னும் விரிந்தன. நம் பாட்டனார் காலத்துக் கடிதங்களை எடுத்து நோக்குமின். தலைப்பில் பிள்ளையார் சுழி. பின்னர், பெறுவோர் மூத்தவராயின் அநேக நமஸ்காரம், இளையவராயின் "சிரஞ்சீவி" என்னும் ஆசீர்வாதம். பின்னர், இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்தை எழுதியனுப்ப வேண்டும் என்னும் வாய்பாடு. அதன்பின் "நிற்க" என்னும் ஒரு சொல். அந்த "நிற்க" என்பதற்கு மேலே உள்ளது முறைமை. கீழே உள்ளது செய்தி. மேற்பகுதியைக் கண்டே எழுதியவர்க்கும் பெற்றவர்க்கும் உள்ள உறவும் வயதும் நிலையும் அறியலாகும். மங்கலச் செய்தியாயின் ஓரங்களில் மஞ்சள் தடவப்பெற்றிருக்கும். கடிதம் பிரிக்கப்படுமுன்னரே செய்தியின் தன்மை தெரிந்துவிடும்.

பெயருக்கு முன் "மகாராஜராஜஸ்ரீ" என்னும் அடைமொழி பெருவழக்காய் இருந்தது. அரசர்க்குரிய அடைமொழி, காலப்போக்கில் கிராமக் கணக்கருக்கும் வியாபாரிக்கும் வழங்கி, "ம-ள-ள-ஸ்ரீ" என்று சுருக்கி அச்சிடப்பெற்று, ஆங்கில அரசாங்கத்தின் பத்திரங்களிலும் இடம் பெற்றது. அரசாங்கத்துக்கு எழுதும் அர்ஜியும் மகஜரும் "துரையவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கி, கீழ்ப்படிந்துள்ள ஊழியன் என்று முடிந்தன. இந்த முடிவு ஆங்கிலேயர் தமக்குள் எழுதிக்கொண்ட சம்பிரதாய வாசகத்தின் மொழிபெயர்ப்பேயாம். அவர்களிடையே அது பொருளற்ற சடங்கு. நம்மவர் எழுதியபொழுதோ சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று.

மொழிபெயர்ப்பாளர்க்கு இம்மரியாதைப் பன்மை எத்துணைத் தொல்லை தருவது என்பதற்குக் கிறிஸ்தவ வேதத்தின் தமிழாக்கம் நல்ல சான்று. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது முதல் பல மொழிபெயர்ப்புகள் வந்துள்ளன. மூல நூலின் கிரேக்க மொழியில் "சொன்னான்", "சொன்னார்" என்னும் வேறுபாடு இல்லை. தமிழில் எழுதுவோர் யாருக்கு "ஆர்" கொடுப்பது, யாருக்கு "ஆன்" கொடுப்பது என்று ஒவ்வோர் இடத்திலும் தாமே தீர்மானிக்கவேண்டும். நெடுங்காலம் வழங்கிய புரோடெஸ்டாண்டார் பதிப்பில் இயேசு "என்றார்" என வர, அவருடைய தலைமைச் சீடராகிய பேதுரு "என்றான்" என்றே வருகின்றார். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பிலோ பேதுருவுக்கும் "ஆர்" விகுதி கிடைத்தது. மீன்பிடித்துப் பிழைத்த ஒருவர்க்குத் தமிழ் இலக்கணத்தில் மரியாதை கிடைக்க அத்துணைக் காலம் ஆயிற்று. மூலநூல் மாறவில்லை; தமிழர் மனம் மாறியது.

மறுக்கப்பட்ட சொற்கள்

இதுகாறும் மரியாதை ஏறிய வரலாற்றைக் கண்டோம். அஃது ஏறிய அளவுக்கு மற்றொரு பக்கத்தில் இறங்கிய வரலாற்றையும் மறைக்காமற் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் அரசில், தாழ்த்தப்பட்ட மக்கள் மேல்நிலையாரிடம் பேசுங்கால் "நான்" என்று சொல்லலாகாது. "அடியன்" என்றே சொல்லவேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்னாமல் கரிக்காடி என்று இழித்துக் கூறவேண்டும். தம் மூச்சுக்காற்று பட்டுத் தீட்டாகாதபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசவேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட நூலில் இக்கொடுமைகளை எழுதிவைத்துள்ளார். அவ்வரசில் அடிமை முறை 1855-இல் பிரகடனத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அடிமைச் சொல் அந்நாளோடு ஒழிந்துவிடவில்லை. 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரிப் பகுதியும் அன்று அவ்வரசுக்கு உட்பட்டிருந்தது ஆதலின், இஃது அயலார் கதையென்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

தமிழ் மாவட்டங்களிலும் "கைகட்டி வாய்பொத்தி" என்னும் தொடர் வெறும் அலங்காரமாகத் தோன்றியதன்று. தோளில் கிடக்கும் துண்டைக் கக்கத்தில் இடுக்குதலும், காற்செருப்பைக் கையில் எடுத்தலும் சொல்லோடு சேர்ந்த உடல்மொழியாயிருந்தன. முனியசாமி என்று பெற்றோர் இட்ட பெயர் பண்ணையார் வாயில் முனியன் என்று குறுகியது. நரைத்த தலையோடு நின்ற அம்முனியசாமியைப் பத்து வயதுச் சிறுவன் "வாடா" என்று அழைக்க, அவர் "வந்துட்டேனுங்க, சின்னையா" என்று மறுமொழி கூறினார். வயதுக்கு மரியாதை தருவதே தமிழர் பண்பாடு என்று நாம் பெருமை பேசுகின்றோம். அப்பண்பாடு அவ்விடத்தில் ஏன் வாய் திறக்கவில்லை என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நேர்மையாகும்.

இல்லத்தினுள்ளும் இதன் சாயல் உண்டு. மனைவி கணவன் பெயரைச் சொல்லலாகாது. "என்னங்க" என்பதே பெயராய் நிற்கும். கணவன் மனைவியைப் பெயரிட்டும் அழைக்கலாம், "அடி" என்றும் அழைக்கலாம். இதனை அன்பின் வழக்கென்று கூறுவாரும் உளர். அன்பு இருபாலும் ஒத்ததாயின், சொல்லும் இருபாலும் ஒத்திருத்தல் கூடாதோ?

பெயர் கேட்டுப் போராடியோர்

சொல் சிறியது, அதற்காக வழக்காடுவானேன் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. நம் நாட்டுச் சமூகங்கள் பல, தம்மை இழிவாகக் குறிக்கும் பெயரை மாற்றுமாறு அரசாங்கத்தாரிடம் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்துக்கொண்டன. 1921-இல் சென்னை அரசாங்கம் பொது ஆவணங்களில் நாடார் என்னும் பெயரையே வழங்குமாறு உத்தரவிட்டது. 1922-இல், எம். சி. ராஜா அவர்கள் சட்டசபையில் எடுத்த முயற்சியின் பயனாக, ஆதி திராவிடர் என்னும் பெயரை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில், டபிள்யு. பி. ஏ. சௌந்தர பாண்டியன் அவர்கள் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின் ஒட்டும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுமாறு தீர்மானித்தது. ஒரு சாரார் உயர்ந்த பட்டம் வேண்டினர். மற்றொரு சாரார் பட்டமே வேண்டா என்றனர். வழி வேறாயினும், தம்மை எவரும் தாழ்த்தி அழைக்கலாகாது என்னும் நோக்கம் இருசாரார்க்கும் ஒன்றே.

1967-இல் அண்ணா அவர்களின் அரசாங்கம் "ஸ்ரீ", "ஸ்ரீமதி", "குமாரி" என்பவற்றுக்கு மாறாகத் "திரு", "திருமதி", "செல்வி" என்பவற்றை அரசு வழக்கிற் கொணர்ந்தது. மன்னனுடைய ஓலைக்கும் வாய்க்கும் முன் நின்ற "திரு", இவ்வாறு வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடிமகன் பெயருக்கும் முன் வந்து நின்றது. இது சிறிய மாறுதலன்று. இன்று நாளிதழ்கள் பலவும் குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட "கைது செய்யப்பட்டார்" என்றே எழுதுகின்றன. துப்புரவுத் தொழிலாளர் என்றிருந்தோர் தூய்மைப் பணியாளர் எனப்படுகின்றனர். ஆயினும் பெயர் மாறிய வேகத்தில் விளி மாறவில்லை. ஆவணத்தில் தூய்மைப் பணியாளராகிய ஒருவர், தெருவில் "ஏய், இங்கே வா" என்றே அழைக்கப்படுகின்றார்.

பிறநாட்டார் கண்ட இரு வழிகள்

இவ்வேற்றுமையை ஒழிக்க முயன்ற பிறநாட்டாரின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். ஆங்கிலத்திலும் முற்காலத்தில் ஒருமைக்கு "தௌ" என்றும் பன்மைக்கு "யூ" என்றும் இரு சொற்கள் இருந்தன; அப்பன்மையே மேலோர்க்குரிய மரியாதையாகவும் ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் வழிநின்ற குவேக்கர் கூட்டத்தார், கடவுளின்முன் யாவரும் சமம் ஆதலின் நீதிபதியாயினும் பிரபுவாயினும் "தௌ" என்றே அழைப்போம் என்றனர். எவர்க்கும் தொப்பியைக் கழற்றவும் மறுத்தனர். அதன்பொருட்டு அவர்கள் அடியும் வசையும் பட்டனர். வில்லியம் பென் என்பவர்க்கு 1670-இல் லண்டன் நீதிமன்றத்தில் தொப்பி காரணமாகவே அபராதமும் விதிக்கப்பட்டது. முடிவில் ஆங்கில மக்கள் சமத்துவத்தை வேறு வழியில் அடைந்தனர். "யூ" என்னும் மரியாதைச் சொல்லை எல்லார்க்கும் கொடுத்துவிட்டனர். "தௌ" தானே பேச்சினின்று மறைந்தது.

ஸ்வீடன் நாட்டார் இதற்கு மறுதலையான வழியிற் சென்றனர். அங்கே மேலோரிடம் "டாக்டர் காப்பி அருந்துவாரா?" என்பதுபோல் பட்டத்தைச் சொல்லிப் படர்க்கையில் பேசுவதே மரியாதையாயிருந்தது, "ஐயா சாப்பிட்டாயிற்றா?" என்னும் நம் வழக்கத்தை அஃது ஒக்கும். 1967-இல் அந்நாட்டு மருத்துவ நிர்வாகத்தின் தலைவராகப் பதவியேற்ற புரோர் ரெக்செத் என்பவர், தம் ஊழியர் அனைவரையும் "து" என்னும் ஒருமையால் அழைக்கப்போவதாகவும், அவர்களும் தம்மை அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அதுவே வழக்காயிற்று.

எல்லாரையும் மேலே ஏற்றுதல் ஒருவழி. எல்லாரும் கீழே இறங்கி ஒரே பாயில் அமர்தல் மற்றொரு வழி. தமிழராகிய நமக்கு இரண்டாம் வழி இன்று எளிதன்று. தாய்தந்தையரின் நண்பர்களையும் ஆசிரியரையும் "நீ" என்றழைக்க நம் நா எழாது. எழவேண்டும் என்பதும் இல்லை. முதல்வழியோ நமக்கு முற்றும் இயன்றது. அதற்குப் புதுச்சொல் ஒன்றும் வேண்டுவதில்லை. "நீங்கள்" என்னும் சொல் ஏற்கனவே நம் வாயில் உள்ளது. அதனைக் கொடுக்கும் எல்லையை விரித்தலே வேண்டுவது.

நாம் செய்யத்தக்கது

"ஒருமையில் அழைப்பது உரிமையாலும் அன்பாலும், இதிற் குற்றம் காண்பதேன்?" என்று நம் பெரியோர் சிலர் கேட்பர். அவர்க்கு நாம் வணக்கத்துடன் கூறுவது ஒன்று. அன்பின் ஒருமையையும் அதிகாரத்தின் ஒருமையையும் பிரித்தறிய எளிய உரைகல் உண்டு. நாம் யாரை "நீ" என்கின்றோமோ, அவர் நம்மைத் திரும்ப "நீ" என்னலாமா? தாய் மகனை "நீ" என்கிறாள். மகனும் தாயை "நீ" என்கின்றான். தோழர் இருவரும் அங்ஙனமே. பக்தன் கடவுளையே "நீ" என்கின்றான். அங்கெல்லாம் அஃது அன்பு. நம் வயலில் நாற்று நடும் மூதாட்டியார் நம்மை அவ்வாறு அழைத்தால் நமக்கு முகம் சிவக்குமாயின், நாம் அவரை அவ்வாறு அழைப்பதும் அன்பன்று.

"இது பரம்பரை வழக்கம்" என்பாரும் உளர். ஒருவர்க்குப் பன்மை கூறுதல் வழக்கினால் அமைந்ததேயன்றி வேறன்று என்று இலக்கண ஆசிரியரே கூறிவிட்டார். வழக்கை ஆக்கியவர் மக்கள். அதனை மாற்ற வல்லவரும் மக்களே. "ஈ" மறைந்தது, "ம-ள-ள-ஸ்ரீ" மறைந்தது, "அடியன்" மறைந்தது. அவற்றை இழந்ததனால் தமிழுக்குக் குறைவொன்றும் வரவில்லை.

ஆதலின் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். நம் வீட்டிலும் கடையிலும் வயலிலும் தொழில் செய்வோர் எந்தச் சமூகத்தினராயினும், வயது வந்தவராயின் அவரை "வாங்க", "சொல்லுங்க" என்றே அழைப்போமாக. அவர் பெயரைக் குறைக்காமல், பெற்றோர் இட்டவாறே முழுதும் சொல்வோமாக. கூலிக் கணக்கிலும் அவ்வாறே எழுதுவோமாக. கலியாண காலங்களில் சமையற்காரர், மேளக்காரர், பந்தற்காரர், முடிதிருத்துவோர், சலவை செய்வோர் ஆகியோரைப் பந்தி நடுவே பெயரிட்டுக் கூவாமல், உரிய முறையில் அழைத்து உபசரிப்போமாக. பிள்ளைகளுக்கு இதனைப் புத்தகத்தால் அன்றி, நம் பேச்சினாற் கற்பிப்போமாக. ஏனெனில், பெரியவர் யாரை "வா" என்கிறார் என்பதை உற்றுக் கேட்டே சிறுவர் உலகத்தைப் பிரித்துக்கொள்கின்றனர். இல்லாளை அழைக்கும் சொல்லிலும், அவர் நம்மை அழைக்கும் சொல்லுக்கு ஒத்த மதிப்பு இருக்குமாறு பார்த்துக்கொள்வோமாக.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. தீர்மானம் நிறைவேற்றவேண்டுவதும் இல்லை. தம் பெயருக்குப் பின் ஓர் "ஆர்" விகுதி வேண்டி, ஒரு தலைமுறை முழுவதும் விண்ணப்பம் எழுதியோர் இந்நாட்டில் பலர். அதன் அருமை அறிந்த சமூகத்தார் பிறர்க்கு அதனை வழங்குவதிலும் முந்தியிருத்தலே முறை. அன்பர்கள் நாளைக் காலையில் தம் வாயிலுக்கு வரும் முதல் மனிதரிடமிருந்தே இதனைத் தொடங்குவார்களாக.